உள்மடிப்பு

ஜூன் மாதச் சட்டைகளில்
ரெண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பவள் நான்.
பாவாடைக்கு மூன்று.
வளர்ற பிள்ளை, வளர்ற பிள்ளை என்பார்கள்
அளவு கொடுக்க வரும் அத்தனை அம்மாக்களும்.
செருப்பு நுனியில் பஞ்சு அடைத்து
அடுத்த வருசத்துக்கும் சேர்த்து வாங்குகிற ஊர் இது.

பைபாஸ் ரோட்டு ஏடிவி கடைக்காரரும்
அதையேதான் சொன்னார்.
"நூத்தி இருபத்தஞ்சு சிசி எடுத்துருங்கக்கா.
எழுபது எடுத்தா சித்திரைக்குள்ள
மாத்தித் தான்னு வந்து நிப்பீங்க."
என் வீட்டுக்காரர் இருளப்பன் தலையாட்டினார்.
பொக்லைன் ஓட்டுகிறவருக்கு
எந்த வண்டியும் சின்ன வண்டிதான்.

தர்ணிகா ஏறி உட்கார்ந்தாள்.
ஒன்பது வயது, ரேஷன் கடைத் தராசில் இருபத்தாறு கிலோ.
அவள் கால்கள் மிதியைத் தேடின,
வாளிக்குள் விழுந்த சோப்பைத்
துழாவும் கைபோல.

கழுத்திலேயே கிடந்தது டேப்.
கிளம்பும் அவசரத்தில் கழற்ற மறந்திருந்தேன்.
சீட்டிலிருந்து மிதிவரை வைத்துப் பார்த்தேன்.
தோளிலிருந்து கைப்பிடிவரை பார்த்தேன்,
முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும்,
விறைத்து நீண்டால் திருப்பத்தில் எட்டாது.
எழுந்து நில்லுடி என்றேன். நுனிக்காலில் நின்றாள்.
பிரேக்குக்கும் அவள் நடுவிரலுக்கும் இடையே
முக்கால் அங்குலம் வெறும் காற்று.

முக்கால் அங்குலம் சட்டையில் ஒன்றுமில்லை.
ஒரு கொக்கியை நகர்த்தித் தைத்தால் போச்சு.
இறக்கத்தில் அது ஒரு பாறை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரோடு கிடையாது.
மேலூருக்குத் தெற்கே
மூடிக்கிடக்கிற குவாரிக்குப் போகும் லாரித்தடம்தான்.
சக்கரம் அழுத்தி அழுத்தி ரெண்டு வாய்க்கால்,
நடுவே மேடு, மேட்டில் கருவேல முள்,
வெயிலில் கண்ணைக் குத்தும் கிரானைட் சில்லு.
தடம் முடிகிற இடத்தில் குழி. பச்சைத் தண்ணீர்.
கல் எறிந்தால்
சத்தம் மேலே வர நேரமாகும்.

இவளுக்கோ நல்ல ரோடு பிடிக்காது.
மொபெட்டில் பின்னால் வரும்போதும்
வேகத்தடையில் மட்டும்தான் சிரிப்பாள்.

மூலையில் ஒன்று நின்றது.
எழுபது சிசி. சிவப்பு. மட்கார்டில் கீறல்.
மலைமேல் ஏதோ ரிசார்ட் மூடியபோது வந்ததாம்.
ஏறினாள். பாதம் முழுதாய்ப் படிந்தது.
எழுந்து நின்றாள்,
சீட்டுக்கும் அவளுக்கும் நடுவே மூன்று அங்குலம்.
விரல் பிரேக்கைச் சுற்றி
வளையல்போல் மூடிக்கொண்டது.

கடைக்காரர் முகம் சுருங்கியது. ஆனால் நல்ல மனிதர்.
கட்டைவிரல் த்ராட்டிலுக்குப் பக்கத்தில்
ஒரு திருகாணியைக் காட்டினார்.
"இத உள்ள விட்டா வேகம் ஏறாது.
பழகப் பழக கொஞ்சங்கொஞ்சமா
வெளிய விட்டுக்கலாம்..."
அவர் மேலும் சொல்லிக்கொண்டே போனார்.
எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.
இருபது வருசமாய் நான் வைத்துத் தைப்பது
இதைத்தானே.

மணிக்கட்டில் மாட்டும் சிவப்புக் கயிறு,
விழுந்தால் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நிற்கும்.
நாற்பத்தெட்டு என்றார்.
சீட்டு எடுத்த பணம் நாற்பத்து மூன்றுதான் என்றேன்.
ஹெல்மெட்டும் சேர்த்துக் கொடுத்தார்,
ரெண்டு சைஸ் பெரியது.
வளந்துக்குவா அக்கா.
அங்கேயே திருப்பிக் கொடுத்து மாற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும்
திருகாணியைக் கடைசிவரை உள்ளே விட்டேன்.
ஸ்பேனரை பாபின் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.
இருளப்பன் பரணில் தேடினார், கேட்கவில்லை.
குழிக்கு இப்பால் நூறு தப்படியில்
மஞ்சள் துணி கட்டினேன், மீந்துபோன யூனிஃபார்ம் துணி.
"அம்மா, ஆடு என்னைய முந்திப் போகுது!"
முந்தட்டும்.

ஆவணியில் ஒருநாள்
மேட்டில் எழுந்து நின்று,
முழங்காலை மடக்கி, முள்ளை விலக்கி,
மஞ்சள் துணிக்கு முன்பே தானாகத் திரும்பினாள்.
நான் ஜன்னலில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.
அன்று ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கால் சுற்று வெளியே விட்டேன். கால் சுற்றுதான்.

மறுநாள் ஓடிவந்தாள், ஹெல்மெட்கூடக் கழற்றாமல்.
"அம்மா, வண்டி வளந்துருச்சு!"

நூலை எச்சில் தொட்டுக் கோத்துக்கொண்டே
அப்படியா என்றேன்.